நனைந்த தலையின் அளவு

1958 ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து ஐம்பதுக்குச் சைக்கிளில் கிளம்பி, மேலகரம் வழியாகக் குற்றாலம் போய் அருவியில் குளித்துவிட்டு ஏழே காலுக்குத் தென்காசி திரும்பினேன். நான்கு இட்லி, ஒரு காபி. அரை நாள் ஆபீஸ். சாரல் விடவில்லை. நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அதற்குக் கீழே, ‘கிரீடம் ஏறவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. தாலுகா ஆபீஸில் நில வரைபடம் வரைவது வேலை. மறுநாள் மாலை எங்கள் நாடகக் குழு ஒரு பாண்டிய மன்னனின் கதையை மேடையேற்ற இருந்தது. கேடயம், வாள், கிரீடம் எல்லாம் என் பொறுப்பு. வாடகைக்குக் கிடைக்கும் ஜிகினாக் கிரீடம் எந்த அரசன் தலையிலும் இருந்திருக்காது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். சொன்னவனே செய்ய வேண்டியதாயிற்று.

ஏழு வாரம், ஆபீஸ் விட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். தென்காசிப் பெரிய கோயில் தூணில் நிற்கும் ஒரு வீரனின் கிரீடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுரலில் ஆட்டிக் கூழாக்கி, களிமண் அச்சின்மேல் அப்பி, அடுப்படியில் உலர்த்தினேன். சாரல் காலத்தில் எதுவும் தானாகக் காயாது. சிலையின் முதுகு தூணோடு ஒட்டியிருந்ததால் கிரீடத்தின் பின்புறம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அங்கே பதினொரு இதழ்த் தாமரை ஒன்றை நானே யோசித்துச் செய்தேன். அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, அரசன் வேடம் போடுபவர் என் வீட்டுக்கு வந்தார். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர், நல்ல குரல், அடர்ந்த சுருட்டை முடி. கூடவே நாடகத்தை நடத்தும் பாத்திரக்கடை அண்ணாச்சியும் வந்தார். கிரீடத்தை எடுத்து அரசன் தலையில் வைத்தேன். அது முடியின் மேலேயே நின்றுவிட்டது.

“என்ன வே, ராசாவுக்கு மொட்டை போட்டாத்தான் பட்டமா?” என்றார் அண்ணாச்சி.

“முடியில மட்டும் கை வைக்காதிய அண்ணாச்சி,” என்று பதறினார் அரசன். “புள்ளைக்குச் சொகமானதுக்கு ஆய்க்குடி முருகனுக்கு நேந்து வளக்குதேன். ஆவணியிலதான் எறக்கணும்.”

தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீசனில் நாங்கள் காலையில் சந்திப்பது அருவிக்கரையில்தான். அங்கே வைத்தே அவர் தலையை அளந்தேன். ஒருமுறை போதாதென்று மூன்று காலை மூன்று முறை அளந்து, சராசரியும் எடுத்தேன். மூன்று முறையும் முடி தண்ணீர் சொட்டச் சொட்ட மண்டையோடு படிந்திருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை துல்லியமாக, நனைந்த தலையை அளந்திருக்கிறேன்.

“அப்ப மேடை ஏறுமுன்ன தலையில ஒரு கொடம் தண்ணி ஊத்திக்கிடுதேன்,” என்றார் அரசன்.

“நாலு மணி நேர நாடகம். வெளக்குச் சூட்டுல முடி காஞ்சு எந்திரிக்கும். அதோட கிரீடமும் எந்திரிக்கும். சனம் ஒம்ம வசனத்தையா கேக்கும்?” அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்கிடாதயும் வே. காலையில மொத ரயிலுக்குக் கணக்கப்பிள்ளைய திருநவேலிக்கு அனுப்புதேன். வாடகைக் கிரீடம் வந்துரும்.”

“ஜிகினாவா?”

“ஜிகினாதான். தலையில நிக்கும்லா?”

எனக்குக் கோபம் வரவில்லை, களைப்பாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால், “விடியிறவரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. நானே வந்து சொல்லுதேன்,” என்று சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கிரீடத்தை அகலமாக்க ஒரே வழிதான் இருந்தது. எங்காவது அறுத்து விரிக்க வேண்டும். முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் சனங்கள் பார்ப்பார்கள். சிறு ரம்பத்தை எடுத்துத் தாமரையின் மேல் வைத்தேன்.

“பூ நல்லால்லா இருக்கு? அத ஏன் அறுக்கிய?” என்றார் அரசன்.

“பின்னால யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்தேன்லா.”

ரம்பத்தை இழுத்தேன். வாரக்கணக்கில் காய்ந்த காகிதம் மரம்போல இறுகியிருந்தது. தாமரையை முழுவதும் எடுத்த பிறகும் போதவில்லை. இருபுறமும் அரை அங்குலம் அரத்தால் ராவினேன். நடுநடுவே தலையில் வைத்துப் பார்க்க, அரசன் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தார். ஐந்தே காலுக்குக் கிரீடம் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. பின்னால் இருந்த இடைவெளியில் காடாத் துணி ஒன்றைப் பசையிட்டு ஒட்டி, பொன்வண்ணம் பூசி, அடுப்படியில் வைத்தேன். தாமரைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். பசை காயுமா என்று தெரியாததால், நாட்குறிப்பை ‘கிரீடம் ஏறவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டு எட்டு மணிக்குப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் அடுப்படிக்குப் போய்ப் பசையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பல்கூடத் துலக்காமல், கிரீடத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு நடந்துபோய், ரயிலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன்.