சனிக்கிழமை நித்திரை

இடுப்பெலும்பு முறிந்து வெஸ்ட்மீட் மருத்துவமனையில் கிடந்த காலத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை என்னைப் பார்க்க வருவாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் படிப்பை முடிப்பதற்குச் சமூக சேவை கட்டாயம். தனியாகக் கிடக்கும் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். யாரோ ஒரு பிள்ளை பாஸ் பண்ண நானா கிடைத்தேன் என்று எனக்கு எரிச்சல்.

மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருமை. வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, கோயில் வாசலில் வைப்பதுபோல ஓரமாக வைப்பாள். "எப்பிடி இருக்கிறீங்கள் அன்ரி?" என்று கேட்டுக் கதிரையில் சாய்வாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் உறங்கிவிடுவாள்.

முதல் நாள் கோபம் வந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற யூக்கலிப்டஸ் மரத்தின் நிழல் அவள் முகத்தில் நீந்துவதைப் பார்த்தபடி, அந்த மூச்சைக் கேட்டபடி, நானும் எங்கோ மிதக்கப் பழகிவிட்டேன். தாதி எட்டிப் பார்த்தால் உதட்டில் விரல் வைப்பேன்.

சேவைக்காலம் முடிந்த மறுவாரமும் வந்தாள்.

"உமக்கு எல்லாம் முடிஞ்சுதெல்லே, பிள்ளை?"

"ஓம் அன்ரி, போன கிழமையே முடிஞ்சுது. ஆனா இங்க மட்டும்தான் ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கிறதில்லை."

அவளுடைய பெயரைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்க வாயெடுத்தேன். அவள் கண்கள் ஏற்கெனவே செருகத் தொடங்கியிருந்தன.

அவள் முகத்தில் வெயில் படாமல், படுத்தபடியே கையை நீட்டி ஜன்னல் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டேன். இன்றுவரை அவள் பெயர் எனக்குத் தெரியாது.