மாத்திரையக்காவின் தையல் கடை

பதினொரு வருஷமாக அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாத்திரையக்கா, அவ்வளவுதான். டி.பி. வந்தவர்கள் வீட்டுக்குக் காலையில் போய், கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. வேலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சம்பளம் கிடையாதே! தன்னார்வலராம். பாராட்டுச் சான்றிதழ் மட்டும் நாலு கொடுத்திருக்கிறார்கள். அதை வேகவைத்தா தின்ன முடியும்? புருஷன் மூட்டுவலியோடு வாட்ச்மேன் வேலைக்குப் போய்வருவதில்தான் அடுப்பு எரிந்தது.

இந்த வருஷம் சுகாதார நிலையத்துக்குத் திடீரென்று மனசாட்சி உறுத்தியது போலிருக்கிறது. தன்னார்வலர்கள் பிழைக்க வழி செய்கிறோம் என்று அவளுக்கு ஒரு தையல் மெஷினும் தெருமுனையில் ஒரு சின்ன அறையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் கடை ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் மெஷின் அடுத்தவளுக்குப் போய்விடும்.

அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். ஏழு வீடு ஏறி இறங்கினால் கடையை எப்போது திறப்பது? "எல்லாரும் இங்கயே வந்துடுங்க, தண்ணியும் நானே வெச்சிடுறேன்" என்று நோயாளிகளைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டாள். மாத்திரை சாப்பிட்டு, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, இனி யாருக்கும் ஒட்டாது என்று ஆனவர்கள்தான் அத்தனை பேரும். அது அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?

ரவிக்கைத் துணி கொடுத்திருந்த டீச்சர் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெஞ்சில், மாத்திரைக்கு வந்திருந்த கொத்தனார் இருமிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தத் துணியக் குடுத்துடுங்க, வேற எடத்துல தெச்சுக்கிறேன்."

"இவங்ககிட்டேருந்து ஒட்டாதுங்க டீச்சர். நான் தெனம் பக்கத்துல நிக்கலையா?"

டீச்சர் துணியை விரல் நுனியால் வாங்கிக்கொண்டு போனாள். விஷயம் பரவ எத்தனை நாளாகும்? அந்த வாரத்திலேயே மாத்திரையக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்ட ஆரம்பித்தாள்.

போதாக்குறைக்குக் கொத்தனாரும் வரவில்லை. ஒருநாள் இல்லை, மூன்று நாள்! இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. நடுவில் விட்டால் நோய் திரும்பக் கிளம்பும், அப்புறம் இந்த மாத்திரைக்கு மசியாது. அவர் வீட்டுக்கு ஓடினாள்.

கொத்தனார் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனேன்னு அழுவுறாருக்கா. மாத்திரையே வேணாங்கிறாரு."

மாத்திரையக்காவுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.  அந்த வாசற்படியிலிருந்தே சுகாதார நிலைய நர்சம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மெஷின எடுத்துக்கச் சொல்லுங்கம்மா."

"இன்னும் ஒரு மாசம் இருக்கே?"

"வீடு வீடாவும் போயி கடையிலயும் ஒக்கார எனக்குத் தெம்பு இல்லம்மா. முடியல."

மெஷின் அன்று மத்தியானமே போய்விட்டது. அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவள் மாத்திரையும் தண்ணீருமாகக் கொத்தனார் வேலை செய்யும் கட்டடத்துக்கு நடந்தாள். கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடை எப்படிக்கா போவுது?"

"கடைக்கென்ன? துணி குவிஞ்சு கெடக்கு. உங்கள எல்லாம் ஒக்கார வெக்க எடமில்ல. அதான் நாளையிலேருந்து நானே வந்துடுறேன்."

"நெசமாவா?"

"பின்ன, பொய்யா? மொதல்ல முழுங்குங்க."

கொத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. மடக்கென்று விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"அக்கா, வேலையெல்லாம் கொஞ்சம் கொறஞ்சப்புறம், எம் பொண்ணுக்கு ஒரு சட்ட தெச்சுக் குடுப்பீங்களா?"

"குடுத்தனுப்புங்க" என்றாள்.