நாற்பத்தொரு சங்கரா

செல்வாம்பாளுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுவாள். மதியம் வீடு வந்ததும், பெட்டி உடைந்து மிஞ்சிய தெர்மாகோல் மூடி ஒன்றில் சங்கரா மீன் வரைவாள். தினமும் அதே மீன், அதே அளவு. படகில் அப்போதுதான் வந்த சங்கராவுக்கு ஒரு சிவப்பு உண்டு பாருங்கள், மணி ஏற ஏற அது வெளுத்துவிடும். அந்தச் சிவப்பு அவள் கைக்குச் சிக்கவே இல்லை. மனசு ஆறாமல் வரைந்து வரைந்து நாற்பத்தொரு மூடி கட்டிலுக்கடியில் சேர்ந்துவிட்டது. பரப்பிப் பார்க்க அந்த வீட்டில் இடமேது!

"வவ்வாலு, வஞ்சிரம்லாம் உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்று கேலி செய்வான், அதே துறைமுகத்தில் லோடு ஏற்றும் அவள் கணவன் சின்னக்கண்ணு.

கடற்கரைப் பக்கம் ஓவியக் கண்காட்சி நடத்தும் நிர்மலா மேடம், வெள்ளிக்கிழமை அத்தனையும் வேண்டும் என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை செல்வாம்பாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், கட்டிலுக்கடியில் ஒரே ஒரு மூடி. பதறிப்போய்ச் சின்னக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"கேரளா லோடுக்கு மூடி பத்தல புள்ள. எல்லாம் ஒரே படம்தானே? நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேனே!"

"அடப்பாவி மனுசா!"

துறைமுகத்துக்கு ஓடினாள். நாற்பது பெட்டியும் டேப் ஒட்டி லாரியருகே வரிசையாய்க் கிடந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் சின்னக்கண்ணுவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "பிரிச்சுடட்டா?"

பிரித்தால் மீன் விடிவதற்குள் நாறிவிடும். பெட்டி கட்டுகிறவளுக்குத் தெரியாதா? அப்போதுதான் வரிசையை முழுசாகப் பார்த்தாள். ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஒன்று விடிகாலைச் சிவப்பு, ஒன்று பத்து மணிச் சிவப்பு, ஒன்று வெளுத்தே போயிருந்தது. இத்தனை நாளும் தப்பு தப்பு என்று இதையா கட்டிலுக்கடியில் தள்ளினோம்!

"ஏத்து" என்றாள்.

அன்று சாயங்காலம் சின்னக்கண்ணு மிச்சமிருந்த மூடியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தான். "இது ஒண்ணாவது இருக்குல்ல?"

"ஒத்தையா இருந்தா அது வெறும் மீனுய்யா" என்றாள் செல்வாம்பாள். பெயிண்ட் டப்பாவை அதற்குள் திறந்துவிட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பது மூடி வேணும். எழுந்திரு."