ரத்தத்தில் மட்டும் இருந்த கர்ப்பம்

அந்த அறையில் டாக்டரம்மா இருந்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்த நர்ஸ் பெண் இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்தார். அவருடைய அக்கா இருந்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நான் இருந்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பித்தப்பையில் கல். மறுநாள் ஆபரேஷன். அதற்காகத்தான் ரத்தம் எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, முழுகாம இருக்கியா?"

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. வீட்டுக்காரருக்கு பெங்களூரில் கொத்தனார் வேலை. ஐந்து மாதம் கழித்து, ஆபரேஷனுக்காக முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தார்.

"இல்லைங்க" என்றேன்.

"ரத்தத்துல இருக்குதே."

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி விடவில்லை.

"மூணு பௌர்ணமியா தவறாம மலை சுத்தினா. ஒரு மாசம்கூட தீட்டுன்னு நிக்கல. நான் அப்பவே கணக்கு பண்ணேன். இப்ப வயித்துல இல்லன்னா இன்னா அர்த்தம்? கலைச்சிட்டு வந்திருக்கா."

தீட்டு வராதது உண்மை. வயசாகிவிட்டது, நின்றுபோயிற்று என்று நினைத்துத்தான் சுற்றினேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ரத்தம் பொய் சொல்லுமா? சில நேரம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வாரம் ஒரு தடவை ரத்தம். கர்ப்பத்தைக் காட்டும் எண் முதலில் இருபத்திரண்டு. அடுத்த வாரமும் இருபத்திரண்டு. அதற்கடுத்து இருபத்தொன்று. டாக்டரம்மாவே குழம்பினார்.

"கர்ப்பம்னா எண் ஏறணும். கலைஞ்சிருந்தா இறங்கணும். இது அப்படியே உக்காந்திருக்கே."

சிறுநீரைப் பார்த்தார்கள். அதில் இல்லை. அதே ரத்தத்தை டாக்டரம்மா வேலூருக்கு, வேறு மெஷினுக்கு அனுப்பினார். அதிலும் இல்லை.

எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தம்மா கர்ப்பமும் இல்ல, கலைக்கவும் இல்ல. ரத்தத்துல வேற ஏதோ ஒண்ணு இருக்கு. அது எங்க மெஷின் மருந்துல போய் ஒட்டிக்குது. மெஷின் ஏமாந்து கர்ப்பம்னு சொல்லுது. அது சிறுநீர்ல இறங்காது. அதான் அங்க காணோம்."

"அது எப்பிடிங்க வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"சில பேருக்கு ஆடு மாடு பழக்கத்தால வரலாம். நிச்சயமா சொல்ல முடியாது."

"எங்க வீட்லயுந்தான் ஆடு இருக்குது. எனக்கு வரலியே?" என்றார் அண்ணி.

"நீங்களும் ரத்தம் குடுங்க, பாத்துடலாம்."

அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எனக்கு எதுக்குங்க? புருஷன் போயி பத்து வருசம் ஆவுது."

நர்ஸ் பெண் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா சொன்னது பாதிதான் புரிந்தது. இன்றும் பாதிதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அண்ணி முன்னால் போய் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் டவுனைத் தாண்டியது.

"வயிறு வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றேன்.

அவர் என்னோடு பேசிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.