பகுதி ஒன்று: பிரெஞ்சு

"என் மகள் பகுதி ஒன்று மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கிறாள். பள்ளியில் அதற்கு ஆசிரியர் இல்லை என்பதை அறிவேன். படிப்புக்கான ஏற்பாட்டை நானே செய்துகொள்வேன்."

1988 ஜூலை 11, திங்கட்கிழமை, அருப்புக்கோட்டையில் நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று அப்பா எழுதிக் கொடுத்த கடிதம் இது. அதன் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.

அப்பா திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய மேலதிகாரியின் மகன் மதுரையில் பிரெஞ்சு எடுத்துப் படித்து இன்ஜினியரிங் சீட் வாங்கியிருந்தான். "தமிழுன்னா எத்தனை மனப்பாடம், எத்தனை கட்டுரை! இது ரெண்டே மாசப் படிப்பாம். மிச்ச நேரமெல்லாம் கணக்குக்கு" என்றார் அப்பா. அந்தப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு படித்தவன். அதை மேலதிகாரி சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே நான்தான் முதல். என்னையும் யாரும் கேட்கவில்லை.

தமிழ்ப் பீரியடு வந்தால் நான் எழுந்து வெளியே போக வேண்டும். பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த ஓர் அறை. அதில் ஒரு பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். கம்பிவலை அடித்த ஒரே ஜன்னல், வெளியே கருவேலம். நடுச்சுவர் கூரைவரை போகவில்லை. அதனால் தமிழையா நடத்துவது முழுக்கக் கேட்கும். மடியில் பிரெஞ்சுப் புத்தகம் விரிந்திருக்க, காது அந்தப் பக்கம் இருக்கும். ஒரு நாள் ஐயா ஒரு செய்யுளின் முதல் அடியைச் சொல்லி நிறுத்தினார். அடுத்த அடி யாருக்கும் வரவில்லை. ஐந்தாறு பேரை எழுப்பிப் பார்த்தார். பொறுக்க மாட்டாமல் நான் இந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வகுப்பே சிரித்தது.

"யாரு அது, பாரிசா?" என்றார் ஐயா. "ஏப்பா, அம்பது பேரு இங்க உக்காந்து என்ன செய்யிறீக? செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புள்ளைக்குத் தெரியுது."

அன்றிலிருந்து எனக்குப் பாரிசு என்றே பெயர். "என்னடி பாரிசு, இன்னைக்கு உங்க ஊர்ல மழையா?" என்பார்கள். எங்கள் ஊரிலும் அந்த வருடம் சரியான மழை இல்லை.

சனிக்கிழமைகளில் மதுரையில் டியூசன். அப்பா உடன் வருவார். காரியாபட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "பாப்பாவுக்குப் பிரெஞ்சு கிளாசு" என்று ஆரம்பித்துவிடுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். டியூசன் எடுத்தவர் கல்லூரியில் பாடம் நடத்துகிற இளம்பெண். மிஸ் என்று கூப்பிடுவோம். மற்ற ஏழு பேரும் மதுரைப் பிள்ளைகள். நான்கைந்து வருடம் பிரெஞ்சு படித்தவர்கள். நான் ஒருத்திதான் எழுத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு மணி நேரம் அப்பா எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டே இருப்பார்.

திரும்பும்போது கேட்பார். "இன்னைக்கு என்ன நடத்துனாக?"

"பாலாடைக்கட்டி."

"அது ஒரு பாடமா?"

"அந்த ஊர்ல ஊருக்கு ஒரு தினுசாம். சாப்பாடு முடிஞ்சப்புறம் திம்பாங்களாம்."

"நம்ம மோர் ஊத்திக்கிற மாதிரி" என்று முடித்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி ஆராதனைக்குப் போகிறார்கள் என்று படித்துச் சொன்னபோது, "பாத்தியா, நம்மளை மாதிரித்தான்" என்று மகிழ்ந்தார். பாடத்தில் வந்த பனியையும் ஒயினையும் நான் சொல்லவில்லை.

விடுமுறை நாளைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார் மிஸ். எங்கள் பக்கத்துக் கரிசலுக்கோ, காய்ந்த கண்மாய்க்கோ, ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு வரிசையில் நிற்பதற்கோ என் புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை. இருந்த சொற்களை வைத்து, குடும்பத்தோடு பனிமலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடியதாக எழுதினேன். பத்துக்கு ஆறு கிடைத்தது. அதுவரை நான் வாங்கியதில் அதுதான் அதிகம்.

ப்ளஸ் டூவில், 1989 அக்டோபரில், மிஸ் முழுத் தேர்வு வைத்தார். நூற்றுக்கு முப்பத்தொன்று. "பாஸ் பண்றதே கஷ்டம்மா. இப்பவாவது தமிழுக்கு மாற முடியுமான்னு கேளு" என்றார். தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "பொதுத்தேர்வுக்குப் பேர்ப்பட்டியல் பதினேழாம் தேதி காலைல அனுப்புறோம். பதினாறு சாயங்காலத்துக்குள்ள அப்பா கையெழுத்தோட குடு, மாத்திருவோம்" என்றார்.

கெடு நவம்பர் 16, வியாழக்கிழமை. கையில் நாலு நாள் இருந்தது. விண்ணப்பத்தை நானே எழுதி அப்பாவிடம் நீட்டினேன்.

"ஒன்றரை வருசம் பஸ்ஸுல போயிட்டு வந்தது எதுக்கு? ஆபீசு பூராம் சொல்லியாச்சு."

"ஃபெயிலானா ஆபீசுல என்ன சொல்லுவீங்க?"

தாளை வாங்கி அலமாரி மேல் வைத்தார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. வியாழக்கிழமை காலை, முகச்சவரம் செய்த கையோடு கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போற வழியில நானே குடுத்துர்றேன். நீ கிளாசுக்குப் போ" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியடு தமிழ். நான் எழுந்து போகவில்லை. "பாரிசுக்கு லீவாடி?" என்று பக்கத்தில் இருந்தவள் தள்ளி இடம் விட்டாள். ஐயா பார்த்துச் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் பாடம் கேட்டேன். அதற்குள் ஆபீசில் கூப்பிடுவதாகப் பியூன் வந்தார்.

"பட்டியல் காலைல முதல் தபால்ல போயிருச்சு பாப்பா" என்றார் பள்ளி எழுத்தர். "உங்க பேப்பர் அதுக்கப்புறந்தான் மேசைக்கு வந்துச்சு."

"நேத்தே குடுத்தாகளே, சார்."

"யார்கிட்ட?"

எனக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியர், போன பட்டியலைத் திருத்த முடியாது என்றார். மீதிப் பீரியடுக்கு உடைந்த பெஞ்சு அறைக்கே போனேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "நேத்தே குடுத்துட்டேன்" என்றார், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். அடுத்த நாள் சனிக்கிழமை. வழக்கமான பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பினோம்.

பன்னிரண்டு கட்டுரைகளை அர்த்தம் பார்க்காமல் மனப்பாடம் செய்து, 1990 மார்ச்சில் தேர்வு எழுதினேன். இருநூறுக்கு எண்பத்து மூன்று. எழுபது எடுத்தால் பாஸ். இன்ஜினியரிங் சீட் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. சேர்ந்தேன்.

1996இல் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போனபோது, அந்த நவம்பரின் தபால் வரவுப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். பழைய பதிவேடுகள் மழையில் நனைந்து போனதால் அப்புறப்படுத்திவிட்டோம் என்றார்கள். எழுத்தரும் ஓய்வு பெற்று ஊர் மாறியிருந்தார். என் டைரியின்படி, அந்த வியாழக்கிழமை அப்பா வழக்கம்போல எட்டே முக்கால் திருச்சுழி பஸ்ஸுக்குப் போனார். பள்ளி அலுவலகம் ஒன்பதரைக்குத்தான் திறக்கும். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலைவரை அது அவர் பையிலேயே இருந்திருக்கவும் கூடும். விண்ணப்பம் பள்ளிக்கு எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.