சந்தேகத்தை எடுத்துப்போடச் சொல்லி ஜெபித்தேன்

கர்த்தருக்குள் அன்பானவங்களே, சொந்தக் காலால நடந்து வந்து உங்க முன்னால நிக்கேன். முதல்ல அதுக்கே அவருக்கு ஸ்தோத்திரம்.

என் பேரு கிரேஸ். ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி நெய்யுற தறிக்கூடத்துல வேலை. காலையில போனா சாயந்தரம் வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். போன வருஷம் ஆடியில இடது கணுக்காலுக்கு மேல அரிச்சுது. சொறிஞ்சேன், புண்ணாயிருச்சு. கிறிஸ்துமஸ் வந்தும் ஆறல. உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நீர் வடிஞ்சுது. சபையில என் பக்கத்துல உக்கார ஆளுக தயங்குனாங்க.

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக்குல கட்டுப் போட்டேன். "சுகர் புண்ணும்மா, லேசுல ஆறாது"ன்னாரு டாக்டர். ரத்தம் எடுத்துப் பாக்காம சுகர்னு எப்படித் தெரியும்? கறுப்பா ஒரு களிம்பு பூசுவாங்க, எரியும். என்ன களிம்புன்னு கேட்டா பதில் வராது. காலைத் தூக்கி வச்சுப் படுத்தா வலி கொறையுது, தறியில நின்னா கூடுதுன்னு சொன்னேன். காதுல வாங்கல.

ஒருநாள், "முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துரலாம். எனக்குத் தெரிஞ்ச இடத்துக்கு அனுப்புறேன்"ன்னாரு. எந்த இடம்? ஏன் இம்புட்டு அவசரம்?

என் வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்தவரு. "ஏட்டி, டாக்டரை விட ஒனக்குத் தெரியுமா? நீ யாரைத்தான் நம்புவ?"ன்னு சத்தம் போட்டாரு. ஜெபக்குழு அக்காமாரும் சந்தேகம் பிசாசோட வேலைன்னாங்க.

முழங்கால் போட முடியாது. கட்டில்ல உக்காந்தே அழுதேன். "ஆண்டவரே, இந்தச் சந்தேகத்தை எடுத்துப்போடும். பேசாம காலைக் கொடுத்துடுறேன்." போகல. ஜெபிக்க ஜெபிக்கக் கூடுச்சு. ஒரு காலையில ஜெபிச்சு முடிக்கையில தோணுச்சு, இந்தச் சந்தேகத்தைக் கொடுக்குறதே ஆண்டவர்தானோ?

வீட்டுக்காரர்கிட்ட, "இன்னொருத்தர் பாக்கட்டும். அவியளும் எடுக்கணும்னா சம்மதிக்கேன்"ன்னேன். முனங்கிக்கிட்டே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏத்துனாரு.

அங்க ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர். ரத்தம் எடுத்தாங்க. சுகர் இல்ல. பாதத்துல நாடி பாத்தாங்க, நிக்க வச்சு ஸ்கேன் எடுத்தாங்க. "காலு நரம்பு சுருண்டு, ரத்தம் மேல ஏறாம கீழயே தேங்குது. அதான் ஆறல. எடுக்க வேண்டியதில்லம்மா."

உப்புத் தண்ணி மருந்தால கழுவி, பாதத்துலருந்து முட்டி வரைக்கும் அடுக்கடுக்கா இறுக்கிக் கட்டுனாங்க. அப்பவும் என் சந்தேகம் விடல. "இம்புட்டு இறுக்குனா காலு அழுகாதா?"ன்னேன்.

அவிய கோவப்படல. "பாதத்துக்கு ரத்தம் நல்லாப் போகுதான்னு பாத்துட்டுத்தான் கட்டுறேன். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே அவுத்துட்டு வாங்க. கேட்டது நல்லது. பல பேரு கேக்காம வீட்டுல போயி அவுத்துருவாங்க."

வாராவாரம் கட்டு மாத்துனாங்க. பங்குனியில ஓரத்துல புதுத் தோல் வந்துச்சு. சித்திரையில மூடிருச்சு. பொறவு நரம்புக்கும் வைத்தியம் செஞ்சாங்க. இப்ப உக்காந்து துணி மடிக்கிற வேலைக்கு மாறிட்டேன். இறுக்கமான சாக்ஸ் போடாம வெளிய கிளம்புறதில்ல. என் வீட்டுக்காரரே எடுத்து மாட்டி விடுதாரு.

உங்க வீட்டுல ஆறாத புண்ணோட யாராவது இருந்தா ஜெபம் பண்ணுங்க, நல்ல டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. மனசு உறுத்துனா வாயத் தொறந்து கேளுங்க. நாம கேக்குறதை ஆண்டவர் ஒருநாளும் தப்பா எடுத்துக்கிறதில்ல.