பத்தரைக்குள் மாறாத சர்வர்

வெப்சைட் திறந்தால் அதைச் செய்தவனுக்கு மாலை, திறக்காவிட்டால் அதன் பேரான டொமைனைப் பார்க்கிற நமக்கு வசவு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஒரு பேரைத் தட்டினால் எந்த சர்வருக்குப் போகணும் என்று வழி சொல்கிற பக்கத்துக்கு ஜோன் என்று பேர். திண்டிவனத்தில் உட்கார்ந்து அதில் ஒரு வரியை மாற்றினால், பழைய வழியை மனசில் வைத்திருக்கிற போன் கம்பெனிகள் அதை மறக்க ஒரு நாள் ஆகும்; அந்தக் கணக்கும் ஜோனிலேயே எழுதியிருக்கும். அந்த ஒரு நாளைத்தான் எவனும் நம்ப மாட்டான்.

நல்ல நேரம்

மேல்மலையனூருக்கு வேன் விடுகிற முதலாளி ஒருவர். சீட்டெல்லாம் வெப்சைட்டில்தான். அமாவாசைக் கூட்டம் தாங்காது என்று புது சர்வர் வாங்கி, சும்மா போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை அமாவாசை, வெள்ளிக்கிழமை காலையில் என்னிடம் வந்து, வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்று என்கிறார்.

"அமாவாசை போவட்டுங்க, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். ஜோசியர் குறித்த நாளாம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடுமாம், அதற்குள் ஊரெல்லாம் மாறிவிட வேண்டுமாம். ஒவ்வொரு போன் கம்பெனியும் அதனதன் நேரத்துக்குத்தான் மாறும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவனுங்களுக்கு ஒரு போனைப் போட்டு ஜல்தியா மாத்தச் சொல்லு பெருசு. என் பேரச் சொல்லு."

பழைய சர்வர்

மாற்றினேன். அவர் போனில் உடனே புதுசு திறந்தது. "பழைய வழியில வர்றவங்கள அந்த சர்வரு புதுசுக்குத் திருப்பி விடும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடட்டுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். தெருமுனை தாண்டுவதற்குள் பழைய சர்வர் கம்பெனியைக் கூப்பிட்டு அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர்களும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். ஏங்க இப்படி என்று கேட்டதற்கு, "குடி போனப்புறம் பழைய வூட்ல எதுக்கு லைட்டு எரியணும்?" என்றார்.

விழுப்புரத்துப் போன்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பூக்கடை வைத்திருக்கும் கன்னியம்மா, இந்த வேனுக்கு ஆள் சேர்த்து சீட்டுப் போடுகிறவள். அமாவாசைதான் அவள் பிழைப்பு. அவள் போனுக்கு இன்னும் பழைய வழிதான், அங்கே சர்வரே இல்லை. "அண்ணே, ஒண்ணுமே தொறக்கல. ஜனம் நிக்கிது. பக்கத்து வேன்காரன் கையைப் புடிச்சி இழுத்துக்கினு இருக்கான்" என்றாள். வேறு போனில் பார்க்கச் சொன்னேன். அதிலும் அதே கதை. முதலாளியிடம் சொன்னால் சிரிக்கிறார். "எனக்கு ஜம்முனு தொறக்குதே! அந்தம்மா போனு டப்பா போனு, தூக்கிப் போடச் சொல்லு."

ஒரே லைன்

இதற்குமேல் நான் என்ன சமாதானம் பேசுவது? இரண்டு பேரையும் ஒரே லைனில் சேர்த்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே கன்னியம்மாவிடம் ஒப்பித்தேன். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் முதலாளி நாற்காலியை விட்டு நகரவில்லை. பேரும் வயசும் தட்டித் தட்டி விரல் வீங்கியிருக்கும். விழுப்புரத்து வேனில் ஒரு சீட்டு காலியில்லை. கன்னியம்மா சண்டையெல்லாம் போடவில்லை, இவ்வளவுதான் சொன்னாள்: "உங்களுது நல்ல போனாச்சே மொதலாளி, நீங்களே குந்திக்கினு போடுங்க. நான் பூவும் கட்டிக்கினு பேரும் சொல்லிக்கினே வர்றேன், சோத்துக்குன்னு எழுந்திரிச்சிப் பூடாதீங்க."

போன் கம்பெனிக்காவது ஒரு நாளில் புத்தி மாறுகிறது. முதலாளிகளுக்கு எத்தனை நாள் என்று எந்த ஜோனிலும் எழுதியிருக்கவில்லை.